மதுரைக்குக் குடிவரும் தங்கச்சிக்கு, கொசு விஷயமாக

டொராண்டோவிலிருந்து பிள்ளைகளோடு மதுரைக்குக் குடிவருகிறோம், டெங்கு என்றாலே பயமாக இருக்கிறது, படுக்கைக்குக் கொசுவலை வாங்கினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். வலை வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் அது மட்டும் பத்தாது தங்கச்சி. நான் மலேசியாவில் ஈப்போவில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்தவள், இந்த ஊரில்தான் பிள்ளைகளை வளர்த்தேன். ராத்திரி காதோரம் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிற சாக்கடைக் கொசு வேறு, டெங்குக் கொசு வேறு. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புகிற ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும், அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னாலும் கணுக்கால் பக்கமாகச் சத்தமில்லாமல் வந்து உட்காரும். அதனால் ஓடோமாஸ் என்கிற கொசுவிரட்டி கிரீமைப் படுக்கும்போது தடவுவதைவிடப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் மாட்டும்போது தடவிவிடுங்கள்.

இது முட்டையிடுவது நல்ல தண்ணீரில். இங்கே எல்லாத் தெருவிலும் தினமும் குழாய்த் தண்ணீர் வராது, வருகிற அன்றைக்கு டிரம், அண்டா, குடம் என்று பிடித்து வைப்போம், அங்கேதான் வினை. தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரித்துவிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருநாள் கவிழ்த்துப்போட்டுத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, பிறகு இறுக்கி மூடுங்கள். அப்புறம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கும், வீட்டில் ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், நூல் துண்டு மாதிரி புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும், வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்கும். மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஏறிப் பார்த்துவிடுங்கள், கொடுத்த பிறகு ஹவுஸ் ஓனர் காதில் எதுவும் விழாது.

கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து தொட்டியை எட்டிப் பார்த்து மருந்து ஊற்றுவார்கள், யாரோ என்று கதவைச் சாத்தாதீர்கள். தெருவில் அடிக்கிற புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது. கொசுவை ஆராய்வதற்கென்றே ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1985-இல் மதுரையில் ஒரு மையம் தொடங்கியது என்றால் நம் ஊர்க் கொசுவின் மரியாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல் அதிகம். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அங்கிருந்து கொண்டுவருகிற அட்வில், அதாவது ஐபுபுரோஃபன் மாத்திரை, பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். டெங்குவாக இருந்தால் அந்த மாத்திரை இரத்தக்கசிவைக் கூட்டும், பாரசிட்டமால் மட்டும் கொடுத்து டாக்டரிடம் போங்கள். முதல் சில நாட்களுக்குள் என்றால் டெங்குவா என்று பார்க்கிற என்எஸ்1 இரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா நிலவேம்புக் கஷாயம் கொண்டுவருவார், அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். முக்கியமான விஷயம், காய்ச்சல் இறங்கியதும் சரியாகிவிட்டது என்று பள்ளிக்கு அனுப்பிவிடக் கூடாது, ஆபத்தே அந்த ஒன்றிரண்டு நாளில்தான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் ஆட்டோ பிடியுங்கள். பெரியாஸ்பத்திரி என்று சொன்னால் போதும், கோரிப்பாளையத்து அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்.

மலேரியா மாத்திரையும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உங்களுக்குத் தேவையா என்று அங்கேயே டாக்டரிடம் கேட்டு வாருங்கள். அந்த ஊசிக்கு இரண்டு தவணை, இடையில் நாள் விட வேண்டும், டிக்கெட்டுக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள்.