கையாலேயே குழாய்க் கிணறு போட முடியுமா? எந்தக் கருவி வாங்கலாம்?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கேட்டவருக்குப் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், பெர்மாத்தாங் பாவ் பக்கம் கம்பத்து (கிராமத்து) வீடு, பின்னால் கொஞ்சம் காலி நிலம். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றியபோது பினாங்கில் பல இடங்களில் நாள் கணக்கில் குழாய் வறண்டு கிடந்ததே, அப்போதிலிருந்து சொந்தமாக ஒரு கிணறு வேண்டும் என்று ஆசை. இயந்திரம் கொண்டுவந்து போடச் சொல்லும் விலை கட்டுபடியாகவில்லை. ஆன்லைனில் கை ஆகர் (கையால் திருகி மண்ணைத் துளைக்கும் கருவி) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதை வாங்கினால் போதுமா?

உங்கள் பக்கத்து மண்ணில் கையால் போட முடியும். ஆனால் ஆகர் மட்டும் போதாது. தண்ணீர் மட்டம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு அது நின்றுவிடும். கிணறே அதற்குக் கீழேதான் தொடங்குகிறது. விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். வீடியோக்களிலும் ஈர மண் மேலே வந்ததும் கைதட்டி முடித்துவிடுகிறார்கள்.

நான் பட்டர்வொர்த்தில் மண் பரிசோதனை வேலை பார்க்கிறேன். கட்டடம் எழும்பும் முன் நிலத்தைத் துளைத்துப் பார்க்கிற வேலை. எங்களுக்கு முதல் சாமான் மெக்கின்டாஷ் புரோப். கூம்பு முனை வைத்த மெல்லிய இரும்புக் கம்பி, மேலே சுமார் 5 கிலோ சுத்தியல். சுத்தியலைக் கையால் தூக்கித் தூக்கி விட்டு, கம்பி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை தட்டு என்று எண்ணிக்கொண்டே போவோம். இளகிய களிமண்ணில் சுத்தியலின் பாரத்துக்கே கம்பி இறங்கிவிடும். 400 தட்டியும் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுவோம். கீழே கல்லோ கெட்டி மண்ணோ இருக்கிறது என்று அர்த்தம். தெரிந்தவர் யாராவது இந்த வேலையில் இருந்தால், ஆகருக்குப் பணம் கட்டும் முன் இதை உங்கள் நிலத்தில் இரண்டு மூன்று இடத்தில் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் இருக்கிறதா என்று இது சொல்லாது. கையால் இறங்க முடியுமா என்பதைச் சொல்லிவிடும்.

சரி, ஆகர். இரண்டு கையாலும் பிடித்துத் திருகும் குறுக்குப்பிடி, ஒன்றோடொன்று மாட்டும் ஒரு மீட்டர் கம்பிகள், அடியில் மண்ணை அள்ளும் தலை. தலையில்தான் விஷயம். களிமண்ணுக்கு இரண்டு அலகு மட்டும் வளைந்து நிற்கும் திறந்த தலை வேண்டும். மூடிய தலையில் களி அடைத்துக்கொண்டு வெளியே வராது. மணலுக்கு நேர்மாறு: பக்கம் மூடிய வாளித் தலை இருந்தால்தான் மணல் வழியில் கொட்டாமல் மேலே வரும். ஒரே தலை எல்லா மண்ணுக்கும் என்று விற்பதை வாங்காதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு சாண் ஆழத்துக்கு மேல் திருகவும் வேண்டாம். பேராசைப்பட்டு ஆழமாகத் திருகினால் அடியில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் இரண்டு பேர் முதுகு போய்விடும். ஐந்தாறு மீட்டர் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் கம்பிகளைக் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் வேலை இழுக்கும். முக்காலி நட்டுக் கப்பியில் கயிறு போட்டுக்கொள்வது நல்லது.

மேலே வரும் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். செபராங் பிறைக் கடலோரச் சமவெளியில் பழைய கடற்கரை மணல் மேடுகளும், அவற்றுக்கு இடையில் வயல் ஓடும் தாழ்ந்த களிமண்ணும் மாறி மாறி வரும். பழைய கம்பத்து வீடுகள் மேட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பது சும்மா இல்லை. மேட்டு மணல் வெளிறிய மஞ்சளாக, விரலிடுக்கில் சொரசொரவென்று இருக்கும். அதில் நல்ல தண்ணீருக்கு வாய்ப்பு உண்டு. கடல் களிமண் என்றால் நீலச் சாம்பல் நிறம், அழுகிய முட்டை வாடை, நடுவே சிப்பித் துண்டுகள். ஆகரிலிருந்து அதைக் குச்சி வைத்துத்தான் சுரண்டி எடுக்க வேண்டும். களிமண் தண்ணீரைச் சுமக்கும், விடாது. சிப்பி வரும் ஆழத்தில் கிடைக்கும் தண்ணீர் உப்புக் கரிக்கவும் வாய்ப்பு அதிகம்.

இப்போது தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை சுவர் போல நின்ற மணல் இனி நிற்காது. ஓரடி அள்ளினால் ஓரடி உள்ளே சரியும், ஆகர் காலியாக மேலே வரும். கையால் கிணறு போட முயன்ற பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஆழம் போதாமல் இல்லை, துளை மூடிக்கொள்வதால்.

இதற்கு விடை நம் வட்டாரத்திலேயே பழசு. 19ஆம் நூற்றாண்டில், டச்சுக்காரர் ஆட்சியில், இன்றைய இந்தோனேசியாவின் பங்கா தீவில் ஈயம் (வெள்ளீயம்) தேடுவதற்காக உருவான கைத்துளைப்புக் கருவி ஒன்று உண்டு. பெயரே பங்கா டிரில். மலாயாவின் ஈய லம்பங்களிலும் (சுரங்கங்களிலும்) மண்ணுக்கடியில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க இதைத்தான் பயன்படுத்தினார்கள். நாலு அங்குல இரும்புக் குழாயின் தலையில் ஒரு பலகை மேடை. அதன்மேல் ஆட்கள் ஏறி நிற்பார்கள், அவர்கள் பாரமே குழாயை அழுத்தும். கீழே வேறு ஆட்கள் நீளக் கழிகளைப் பிடித்துச் சுற்றி நடந்து குழாயைத் திருகுவார்கள். மேடையில் நிற்பவர்கள் குழாய்க்குள் கருவியை ஏற்றி இறக்கி மணலை வெளியேற்றுவார்கள். எஞ்சின் கிடையாது, மின்சாரம் கிடையாது. சதுப்பிலும் வேலை செய்யும்.

உங்களுக்கு மேடை தேவையில்லை, சூத்திரம் போதும்: முதலில் துளை சரியாமல் காக்கும் குழாயை (கேசிங்) இறக்கு, பிறகு குழாய்க்குள் இருப்பதை எடு. எடுப்பதற்கு ஆகர் உதவாது, பெய்லர் வேண்டும். கேசிங் குழாய்க்குள் தாராளமாகப் போய்வரும் இரும்புக் குழாய்த் துண்டு, அடியில் உள்பக்கமாகத் திறக்கும் ரப்பர் மூடி. கயிற்றில் கட்டி அடியில் ஒரு முழ உயரத்துக்கு விடாமல் ஏற்றி இறக்கினால், இறங்கும்போது சேறு மூடியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், ஏறும்போது மூடி அடைத்துக்கொள்ளும். லோரி டயர் டியூபில் வெட்டிய ரப்பரை வைத்து எந்த வெல்டிங் கடையிலும் செய்துகொடுப்பார்கள். ஆகரை இரவல் வாங்கினாலும் பரவாயில்லை, பணத்தைப் பெய்லரிலும் கேசிங்கிலும் போடுங்கள்.

வங்காளத்தில் இன்னும் எளிமையான வழி ஒன்று இருக்கிறது. மூங்கில் நெம்புகோலில் குழாயைக் கட்டி ஏற்றி இறக்குவார்கள். மேலே உட்கார்ந்திருக்கும் ஆள் குழாய் ஏறும்போது உள்ளங்கையால் வாயை மூடி, இறங்கும்போது திறப்பார். அந்தக் கைதான் வால்வு. துளையைச் சுற்றி எப்போதும் தண்ணீரும் சாணமும் கலந்து நிரப்பி வைப்பதால் சுவர் சரியாது. மென்மண்ணில் ஒரு நாளிலேயே பல பத்து மீட்டர் போவார்கள். பார்க்க எளிதாக இருக்கும். கைக்குத் தாளம் வர நாளாகும். பழகிய ஆள் இல்லாமல் இறங்க வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தீவுப் பக்கம் ஆயர் ஈத்தாமிலோ பாயா தெருபோங்கிலோ இருப்பவர்கள் ஆகர் வாங்கப் போகாதீர்கள். அது கருங்கல் மலை. மேல்மண் நன்றாகத்தான் இறங்கும், திடீரென்று ஆள் உயரப் பாறாங்கல் குறுக்கே படுத்திருக்கும். சீனாவின் சிகோங்கில் உப்புநீருக்காக மூங்கில் கயிற்றில் உளியைத் தொங்கவிட்டு இடித்து இடித்தே 1835இல் 1000 மீட்டரைத் தாண்டினார்கள், உண்மைதான். அதற்கு வருடக்கணக்கில் ஆள் பலம் வேண்டும். கல் என்றால் இயந்திரத்தைக் கூப்பிடுங்கள்.

சிலர் பின்னூட்டத்தில் உறைக்கிணறு வெட்டலாமே என்று கேட்பார்கள். தோட்டத்தில் தாத்தாக்கள் சங்குலும் கடப்பாரையும் கூடையும் வைத்து வெட்டினார்கள்தானே? வெட்டினார்கள். சிமெண்டு வளையத்தை வைத்து அதற்குள் உட்கார்ந்து தோண்டினால் வளையம் தன் பாரத்தில் இறங்கும், மேலே அடுத்ததை வைக்கலாம். ஆனால் ஆள் உள்ளே இறங்குகிற எந்த வேலையையும் வார இறுதி வேலையாக நான் சொல்ல மாட்டேன். கிணற்றின் அடியில் காற்று கெட்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் இறைக்கப் பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கினால் அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய பழக்கம் பிராணவாயு குறைவைக் காட்டலாம், இந்த விஷவாயுவைக் காட்டாது. மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன செய்திகள் எத்தனை.

குழாய்க் கிணற்றுக்குத் திரும்புவோம். மணலுக்குள் இரண்டு மூன்று மீட்டராவது போன பிறகு, கேசிங்குக்குள் அடி மூடிய பிவிசி குழாயை இறக்குங்கள். அதன் கீழ்ப்பகுதியில் இரும்பு ரம்பத்தால் மெல்லிய கீறல்கள் போட்டிருக்க வேண்டும். சுற்றிலும் கழுவிய பொடிக்கல்லைக் கொட்டிக்கொண்டே கேசிங்கை உருவிவிடலாம். மேல் இரண்டு மீட்டரைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைக்காவிட்டால் மழைத்தண்ணீர் குழாய் ஓரமாகவே உள்ளே போகும். பிறகு தெளியும் வரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தண்ணீர் மட்டம் ஏழு மீட்டருக்குள் இருந்தால் மேலே வைக்கும் சாதாரணக் கைப்பம்போ உறிஞ்சும் மோட்டாரோ போதும். அதற்குக் கீழே போகப் போக மேலிருந்து உறிஞ்சுவது கடினம், பத்து மீட்டர் தாண்டினால் எவ்வளவு சக்தி வாய்ந்த மோட்டாரும் உறிஞ்சாது. காற்றழுத்தத்தின் எல்லை அது.

மலக்குழித் தொட்டியிலிருந்து 30 மீட்டராவது தள்ளிப் போடுங்கள், அண்டை வீட்டுத் தொட்டியையும் சேர்த்து. இறைத்தபோது தெளிவாக இருந்து வாளியில் வைத்தால் செம்பழுப்பாக மாறுகிறதா, இரும்புச் சத்து. செடிக்கும் கழுவுவதற்கும் பரவாயில்லை. குடிக்க என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் வேண்டாம். வங்கதேசத்தில் கையால் போட்ட லட்சக்கணக்கான கிணறுகளில் தண்ணீர் பளிங்கு போலத்தான் இருந்தது. அதில் ஆர்செனிக் என்ற விஷம் இருப்பது 1993இல்தான் உறுதியானது. நிலத்தடி நீர் இங்கே மாநில அதிகாரத்தில் வருகிறது, ஆகவே மாவட்ட நில அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மின்கேபிளும் தண்ணீர்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்பதையும்.

காலம்: நம் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் வெயில் காய்வது அதிகம், மட்டம் இறங்கியிருக்கும். பிப்ரவரி கடைசியில் தோண்டுங்கள். அக்டோபர் மழையில் மூன்று மீட்டரில் தண்ணீர் கண்டு நிறுத்திய குழாய், அடுத்த வறட்சியில் வெறும் காற்றைத்தான் இழுக்கும்.