ஆற்றில் ரோந்து போகும் பருவகால ரேஞ்சரால் கைது செய்ய முடியுமா?

முடியும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் சட்ட அமலாக்கப் பயிற்சி பெற்ற பருவகால ரேஞ்சர்கள் துப்பாக்கி ஏந்துபவர்கள், அபராதமும் விதிப்பார்கள். ஆனால் ஆற்றில் அவர்களுடைய உழைப்பு பெரும்பாலும் உயிர்காப்புக்கே போகிறது.

மேற்கு வர்ஜீனியாவின் கோலி ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்மர்ஸ்வில் அணையிலிருந்து செப்டம்பர், அக்டோபரில் ஏறத்தாழ 22 நாட்கள் படகோட்டிகளுக்காகத் தண்ணீர் திறக்கிறார்கள். இதற்கு 1986இல் இயற்றிய சட்டமே இருக்கிறது. கூட்டம் அந்த நாட்களில்தான் குவிகிறது.

உயிர்காப்பு உடையைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் வார் தளர்ந்திருக்கிறது, சுழலில் கழன்றுவிடும். என்னைக் கேட்டால், அபராதச் சீட்டைவிட இந்தச் சோதனைதான் முக்கியம். யாராவது தவறி விழுந்தால் மீட்புக் கயிற்றுப் பை (நீளக் கயிறு திணித்த பை) இருக்கிறது: கயிற்றின் நுனியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, பையை மட்டும் அவரைத் தாண்டி விழும்படி வீச வேண்டும்.