எண்ணூர் நண்டுப் பூதத்துக்கு மறுக்கத் தெரிய வேண்டும்
வணக்கம். பேரழிவுக்குப் பிந்தைய எண்ணூரில் நடக்கும் உங்கள் விளையாட்டில், துணைக்கு வரும் நண்டுப் பூதத்தை ஆடிப் பார்த்தவர்கள் வெறும் ஆயுதமாகவே நினைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உருவம் அருமை, கொடுக்கை இன்னும் பெரிதாக்க வேண்டாம். ஆட்டக்காரர் சொல்வதை மறுக்கப் பூதத்துக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் காரணமில்லாத மறுப்பு ஆபத்து. 2008இல் வந்த ஃபால்அவுட் 3 என்ற கணினி விளையாட்டில் ஃபாக்ஸ் என்ற துணைவனைக் கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது. இருந்தும் இறுதிக் கட்டத்தில் கதிர்வீச்சு அறைக்குள் போக மறுப்பான். சொல்லும் காரணம் உப்புச்சப்பில்லாதது. 2009இல் வந்த கூடுதல் பகுதியில் அதை மாற்றினார்கள்.

2023 டிசம்பரில் நம் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததே, மறுப்புக்கான காரணத்தை அங்கிருந்து தொடங்குங்கள். கறுத்த நீரில் பூதம் கால் வைக்காது. அலையாத்திக் காட்டைச் சுற்றித்தான் வரும். கிழிந்த வலையைக் கொடுக்கால் தைக்க முடியாமல் ஆட்டக்காரரிடம் நீட்டும். இதை முதல் சண்டைக்கு முன்பே வையுங்கள்.