தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் சமிக்ஞை: ரிலே செயற்கைக்கோள் கேள்வி-பதில்

கேள்வி: விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. நேராகத் தரையோடு பேசாமல், சமிக்ஞையை 36,000 கிலோமீட்டர் மேலே, அதை வாங்கி மறுபடி அனுப்பும் ரிலே செயற்கைக்கோளுக்கு அனுப்பிக் கீழே இறக்குவானேன்?

பதில்: சுற்றுவழிதான், மறுக்கவில்லை. ஆனால் நிலையம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. நேர் உச்சியில் கடந்தால்கூட ஒரு தரைநிலையத்துக்குச் சுமார் பத்து நிமிடமே தென்படும். பிறகு அடுத்த தரைநிலையம் வரும்வரை மௌனம். நடுக்கடலில் யார் ஆன்டெனா வைப்பார்கள்? பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் பாதைதான் புவிநிலைப் பாதை. அதில் நிற்கும் ஒரே ஒரு ரிலே செயற்கைக்கோள், கீழே ஓடும் கலத்தை அதன் சுற்றில் பாதிக்கும் மேலான நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: அப்படியானால் எதிரெதிராக இரண்டு போதுமே?

பதில்: கணக்குப்படி போதும். சிக்கல் தரையில் இருக்கிறது. நாசாவின் டிடிஆர்எஸ் என்ற ரிலே செயற்கைக்கோள் அமைப்பில், செயற்கைக்கோள்கள் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தரைநிலையத்துக்குத் தெரியவேண்டும். எனவே ஒன்று அட்லாண்டிக்குக்கு மேலே, மற்றொன்று பசிபிக்குக்கு மேலே. இந்தியப் பெருங்கடல் பக்கம் எதற்கும் எட்டாத இடைவெளி விழுந்தது. அங்கே மூன்றாவதை நிறுத்தினால் ஒயிட் சாண்ட்ஸுக்கு அது தெரியாது. மேற்கு பசிபிக்கில் உள்ள குவாம் தீவில் இன்னொரு தரைநிலையம் கட்டியது இதற்காகத்தான்.

கேள்வி: பேச்சில் தாமதம் இருக்குமா?

பதில்: போக கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. தொலைபேசிப் பேச்சில் உறுத்தும், தரவுக்கு ஒன்றுமில்லை.

கேள்வி: சிறிய செயற்கைக்கோள்களும் இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: மெல்லிய தரவோட்டத்துக்கு முடியும். படங்களைக் கொட்டவேண்டும் என்றால் கடினம். தரைநிலையம் 1,000 கிலோமீட்டரில், ரிலே 40,000 கிலோமீட்டரில் என்றால் தூரம் 40 மடங்கு. வந்துசேரும் சமிக்ஞையோ 1,600 மடங்கு மெலியும். டிடிஆர்எஸ் 4.9 மீட்டர் அகல ஆன்டெனாக்களை விரித்துக்கொண்டு நிற்பது இதனால்தான். கலத்திலும் ரிலேயை விடாமல் குறிவைத்துத் திரும்பும் ஆன்டெனா வேண்டும். சிறிய கலத்தில் அதற்கு இடமும் மின்சாரமும் ஏது?

கேள்வி: வயதான ரிலே செயற்கைக்கோளை என்ன செய்வார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கதை அந்த அமைப்பின் முதல் செயற்கைக்கோளான டிடிஆர்எஸ்-1. 1983 ஏப்ரலில் சேலஞ்சர் விண்ணோடத்தின் முதல் பயணத்தில் போனது. மேலேற்றும் ராக்கெட் பழுதாகித் தவறான பாதையில் விட்டுவிட்டது. நிலையைத் திருத்துவதற்கென்றே வைத்திருந்த சின்னஞ்சிறு உந்துபொறிகளை வாரக்கணக்கில் விட்டுவிட்டு இயக்கி, ஜூன் இறுதியில் உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முதுமையில் இன்னொரு வேடிக்கை. சூரிய, சந்திர ஈர்ப்பால் பாதை மெல்லச் சாய்ந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே அசையாமல் நின்றால் துருவத்திலிருந்து தெரியவே தெரியாது. சாய்ந்ததால் தினமும் சில மணி நேரம் தென்துருவ ஆய்வுநிலையத்தின் அடிவானத்தில் எட்டிப்பார்த்தது. அந்த நேரத்தில் அங்கிருந்தவர்களுக்கு இணையம் கிடைத்தது.