பனி கொட்டுற ஊருக்குக் குடிபோறோம், எந்த ஜாக்கெட் வாங்கணும்?

கேள்வி: என் கணவருக்குப் பனி கொட்டுற ஒரு கிராமத்துல வேலை கிடைச்சிருக்கு. குளிர்காலத்துல மைனஸ் 20, 25 எல்லாம் அங்க சாதாரணமாம். பக்கத்து வீடே ஒரு கிலோமீட்டர் தள்ளி. தண்ணி கிணத்துலேர்ந்து மோட்டார்லதான் வரும். அவருக்கு நைட் ஷிப்ட், நானும் 3 வயசுப் பொண்ணும் தனியா இருக்கணும். நல்ல ஜாக்கெட் எது? குழந்தையை வெளிய கூட்டிட்டுப் போகலாமா? நினைச்சாலே பயமா இருக்கு.

பதில்: பயப்படுறதுல தப்பே இல்லம்மா, ஆனா நீங்க குளிரைப் பார்த்துப் பயப்படுறீங்க, நான் உங்களுக்காகக் கவலைப்படுறது கரண்டை நினைச்சு. வீடு சூடா இருக்கிற வரைக்கும் வெளிய மைனஸ் 25 இருந்தா என்ன, 30 இருந்தா என்ன, ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு இருக்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சுன்னா மோட்டார் ஓடாது, அதனால தண்ணி இல்ல, கேஸ்லயோ எண்ணெய்லயோ ஓடுற ஹீட்டரா இருந்தாலும் சூட்டை வீடு முழுக்கத் தள்ளுற ஃபேனுக்கு கரண்ட் வேணும், அதனால அதுவும் நின்னுடும், ரோடு பனியில மூடியிருந்தா கணவரும் உடனே வர முடியாது. இந்த ஒரு ராத்திரிக்கு நீங்க தயாரா இருந்துட்டா மீதியெல்லாம் பழகிடும்.

அதனால ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர்னு கணக்கு வச்சு 3 நாளைக்குத் தண்ணி எப்பவும் வீட்டுக்குள்ள இருக்கட்டும். சமைக்காம சாப்பிடக்கூடிய பொருள், குழந்தையோட மருந்து, டார்ச், பவர் பேங்க் எல்லாம் ஒரே இடத்துல. கரண்ட் போனதும் வீட்டுலயே சின்ன ரூமாப் பார்த்து ரெண்டு பேரும் அதுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கங்க, ஜன்னல்ல கம்பளியைத் தொங்கவிடுங்க, கதவுக்கு அடியில துண்டைச் சுருட்டி வைங்க. மெழுகுவர்த்தி வேண்டாம், சின்னக் குழந்தை இருக்கிற வீடு.

இப்ப சொல்லப்போறதை தயவுசெஞ்சு உங்க கணவருக்கும் படிச்சுக் காட்டுங்க. குளிர் தாங்கலன்னு கரி அடுப்பை வீட்டுக்குள்ள பத்த வைக்கிறது, சமையல் கேஸ் அடுப்பை எரியவிட்டு ரூமைச் சூடாக்குறது, ஜெனரேட்டரை கார் ஷெட்டுக்குள்ள வச்சு ஓட்டுறது, இந்த மூணும் ஆளைக் கொல்லும். இதுலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, தூக்கத்துலயே உயிர் போயிடும். ஷெட் கதவைத் திறந்து வச்சாலும் பத்தாது, ஜெனரேட்டர் வெளியதான் இருக்கணும், ஜன்னல் கதவுலேர்ந்து 6 மீட்டராவது தள்ளி. வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல், தலைசுத்தல் வந்தா உடனே குழந்தையைத் தூக்கிட்டு வெளிய வந்து, அப்புறம் போன் பண்ணுங்க. பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்கும், படுக்குற ரூம் பக்கத்துல மாட்டுங்க, ஜாக்கெட்டுக்கு முன்னாடி அதை வாங்குங்க.

அடுத்தது பைப். தண்ணி உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும், அதான் பைப் வெடிக்குது, ஆனா வெடிச்சது அப்பத் தெரியாது, பனிக்கட்டி உருகும்போதுதான் வீடு முழுக்கத் தண்ணி. குடிபோன அன்னைக்கே மெயின் வால்வு எங்க இருக்குன்னு பார்த்து நீங்களே ஒரு தடவை மூடித் திறந்து பாருங்க. ரொம்பக் குளிர்ற ராத்திரியில வெளிச்சுவரை ஒட்டியிருக்கிற குழாயைச் சொட்டுச் சொட்டா விடுங்க, சிங்க்குக்குக் கீழ இருக்கிற அலமாரிக் கதவைத் திறந்து வைங்க. உறைஞ்சிடுச்சுன்னா குழாயைத் திறந்து வச்சுக்கிட்டு, குழாய் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஹேர் ட்ரையரால மெதுவா சூடு காட்டணும். நெருப்பு காட்டவே கூடாது.

கார் விஷயம் கணவருக்கு. 7 டிகிரிக்குக் கீழ போனாலே சாதா டயர் ரப்பர் இறுகிடும், அதனால நாலு சக்கரத்துக்கும் பனி டயர் வேணும், ரெண்டுக்கு மட்டும் போட்டா திரும்பும்போது வண்டி சுத்திடும். பெட்ரோல் பாதிக்குக் கீழ இறங்க விடாதீங்க. வழியில மாட்டிக்கிட்டா காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. சைலன்சர் வாயில பனி அடைச்சிருந்தா தோண்டி எடுத்துட்டு, மணிக்கு ஒரு 10 நிமிஷம் எஞ்சினை ஓட்டி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வச்சு உள்ளயே காத்திருக்கணும். டிக்கியில கம்பளி, மண்வாரி, டார்ச் எப்பவும் இருக்கட்டும்.

ஜாக்கெட்னா, உள்ள உடம்போட ஒட்டி காட்டன் வேண்டாம், வேர்வையில நனைஞ்சா காயாது, அப்புறம் அதுவே குளிரும். உள்ள மெல்லிசா கம்பளியோ பாலியஸ்டரோ, நடுவுல தடிப்பா ஒண்ணு, வெளிய காத்து புகாதது ஒண்ணு, அவ்வளவுதான். டெம்பரேச்சரை மட்டும் பார்க்காதீங்க, காத்தையும் பாருங்க. மைனஸ் 20ல 30 கிலோமீட்டர் வேகத்துல காத்தடிச்சா தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. விரலோ காதோ வெளுத்து மரத்துப்போச்சுன்னா தேய்க்காதீங்க, உள்ள வந்து 37லேர்ந்து 39 டிகிரி வெதுவெதுப்புத் தண்ணியில வைங்க, உணர்ச்சி திரும்பலன்னா டாக்டர்கிட்ட போயிடுங்க.

தனிமைக்கு என்ன பண்றதுன்னு நீங்க கேக்கல, ஆனா கடிதத்துல அது தெரியுது. பனி விழறதுக்கு முன்னாடியே அந்த ஒரு கிலோமீட்டர் போய்ப் பக்கத்து வீட்டுக்காரங்களைப் பார்த்துடுங்க. கரண்ட் போனா எவ்வளவு நேரத்துல வரும், ரோட்டுல பனியை யார் அள்ளுவாங்க, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு கேளுங்க, கேட்டாலே பேச்சு வளரும், நம்பரும் கிடைக்கும். இந்த மாதிரி இடத்துல இருக்கிறவங்களுக்கும் ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தான் குளிர்காலம் ஓடும், அதனால தொந்தரவா நினைப்பாங்களோன்னு கூச்சப்படாதீங்க. கணவர் ஷிப்ட்ல இருக்கும்போது போன் பண்ண ஒரு நேரம் வச்சுக்கங்க. சாயங்காலம் சீக்கிரமே இருட்டிடும், அதுவே மனசை அமுக்கும், மத்தியான வெளிச்சத்தை விட்டுடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பே இல்லாம இருந்தா டாக்டரைப் பாருங்க.

குழந்தையை தாராளமா வெளிய கூட்டிட்டுப் போங்க. மைனஸ் 25க்குக் கீழ போனாலோ, காத்தோட சேர்த்து மைனஸ் 28 ஆனாலோ குழந்தைங்களை உள்ளயே வச்சுக்கணும்னு கனடா குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லுது, அதை அளவா வச்சுக்கலாம். கழுத்துல நீளமான ஸ்கார்ஃப் வேண்டாம், எங்கயாவது மாட்டி இறுக்கிடும், தலை வழியா மாட்டுற கழுத்துக் கம்பளி போதும். கார் சீட்ல உக்கார வைக்கும்போது மட்டும் பஞ்சு ஜாக்கெட்டைக் கழட்டிடுங்க, அதுக்கு மேல பெல்ட் போட்டா இறுக்கமா இருக்கிற மாதிரிதான் தெரியும், மோதினா பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துடும். பெல்ட்டை மாட்டிட்டு மேல கம்பளியைப் போர்த்தி விடுங்க.