காதலும் போரும் கலந்த வரலாற்று நாவல்களில் எவற்றைப் படிக்கலாம்?

கேள்வி கேட்டவர் 'பொன்னியின் செல்வன்' முடித்துவிட்டாராம். அடுத்து காதலும் போரும் சேர்ந்த கதைகள் வேண்டும், தமிழானாலும் வெளிநாட்டு நாவலானாலும் சரி என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வகை இது. வெறும் பெயர்களை அடுக்கிவிட்டுப் போக மனம் வரவில்லை, ஏன் படிக்க வேண்டும் என்றும் சொல்கிறேன். எந்தக் கதையின் முடிவையும் உடைக்கமாட்டேன்.

நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வகை நாவல்கள் பலவற்றில் இருவர் சந்திக்கிறார்கள், போர் வருகிறது, பிரிகிறார்கள், மறுபடி சேர்வார்களா என்று கடைசிப் பக்கம் வரை நம்மை ஏங்க வைக்கிறார்கள். அவற்றில் போர் என்பது நெடுநேரம் தாமதமாக வரும் ரயில் மாதிரிதான். வந்து சேர்ந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நான் தேடுவது வேறு. பிரிந்த இருவரும் மறுபடி எதிரெதிரே நிற்கும்போது அதே ஆட்களாக இருக்கிறார்களா? போனவனும் மாறியிருப்பான், காத்திருந்தவளும் மாறியிருப்பாள். அந்த மாற்றத்தை மழுப்பாமல் எழுதிய நாவல்கள்தான் என் அலமாரியில் நிலைத்திருக்கின்றன.

அப்படிப் பார்த்தால் உங்களுக்கு அடுத்த புத்தகம் சந்தேகமில்லாமல் 'சிவகாமியின் சபதம்'. கல்கி இதைப் பொன்னியின் செல்வனுக்கு முன்பே, 1944 முதல் 1946 வரை தொடராக எழுதினார். தொடர் ஆரம்பித்தபோது இரண்டாம் உலகப் போர் முடியவில்லை. 1942இல் குண்டுவீச்சுப் பயத்தில் சென்னை நகரமே காலியானதைக் கண்ட வாசகர்கள் அன்று அதைப் படித்தார்கள். காஞ்சி முற்றுகைக்கு நகரம் தயாராகும் அத்தியாயங்களை இந்த நினைவோடு படித்துப் பாருங்கள், ஏழாம் நூற்றாண்டுக் கதை சட்டென்று கிட்டத்தில் வந்துவிடும்.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். பல்லவ இளவரசன் மாமல்லன், ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி, படையெடுத்து வரும் சளுக்கர் புலிகேசி. சிவகாமி சளுக்கர் தலைநகரான வாதாபிக்குச் சிறைபிடித்துச் செல்லப்படுகிறாள். வாதாபி எரிவதைக் கண்ணால் பார்க்காமல் இந்த ஊரைவிட்டு வரமாட்டேன் என்று சபதம் செய்கிறாள். மாமல்லன் உயிரைப் பணயம் வைத்து மாறுவேடத்தில் அவளை அழைத்துப்போக வருகிறான், அவள் மறுத்துவிடுகிறாள். முதல்முறை படிக்கும்போது நமக்கே கோபம் வரும், கிளம்பிப் போனால் என்ன என்று. ஆனால் தன் மானமும் தன்னோடு சிறைப்பட்ட மக்களின் மானமும் அந்தச் சபதத்தில் இருக்கிறது என்று அவள் நினைப்பதைக் கல்கி நம்மை உணர வைத்துவிடுகிறார்.

அதற்கப்புறம் ஒன்பது வருடங்கள். படை திரட்ட, யானைகள் சேர்க்க, நட்பு நாடுகளைத் திரட்ட அவ்வளவு காலம் ஆகிறது. அந்த ஒன்பது வருடங்களில் மாமல்லன் காதலனாக மட்டும் இருக்க முடியுமா? அவன் இப்போது அரசன். சிவகாமியோ ஒரே ஒரு நாளுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வரலாற்றில் வாதாபி 642இல் வீழ்ந்தது, அதை யாரும் மாற்ற முடியாது. வெற்றிக்குப் பிறகு அந்த இருவருக்கும் என்ன மிச்சமிருக்கிறது என்பதைத்தான் 'சிதைந்த கனவு' என்ற நான்காம் பாகம் கேட்கிறது. பொன்னியின் செல்வனில் இருக்கும் கலகலப்பு இதில் குறைவு. மனதில் தங்குவது இதுதான் அதிகம் என்பேன்.

அடுத்தது, நிறையப் பேர் தவறவிட்டுவிடும் ஒரு நாவல்: ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்த தமிழர்களைப் பற்றி அங்கே வாழ்ந்தவரே எழுதியது. பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்க்கும் செல்லையா, முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தை நேசிக்கிறான். கல்யாணம் நடக்கும் என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். நடுவில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் வருகிறது, செல்லையா சேர்கிறான், துப்பாக்கி பிடிக்கிறான். போர் முடிந்து அதே கடைக்குத் திரும்புகிறான். முதலாளிக்கு அவனைப் பார்த்தால் இப்போது பயமும் வெறுப்பும். கணக்குப் பார்க்க வேண்டிய பையன் சிப்பாய் ஆகிவிட்டான். இவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது? நான் மேலே சொன்ன அந்த மாற்றத்தை இவ்வளவு நேரடியாகக் கதையின் முடிச்சாகவே வைத்த வேறொரு தமிழ் நாவல் எனக்குத் தெரியாது. வயிரமுத்துப் பிள்ளை கெட்டவரும் இல்லை. அவர் பக்கம் நின்று பார்த்தால் அவர் பேசுவதும் நியாயமாகவே படும், அங்கேதான் மனசு கனக்கிறது.

இது பிடித்துப்போனால் அவருடைய 'புயலிலே ஒரு தோணி'யையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் புத்தகமாக வந்தது. காதல் கதை என்று அதைச் சொல்ல முடியாது, ஆனால் தமிழில் வந்த போர் நாவல்களில் அதற்கு நிகர் இல்லை என்பது என் துணிபு. நினைவும் நடப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் தடுமாற வைக்கும், விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டு நாவல்களுக்கு வருவோம். 'போரும் வாழ்வும்' என்ற பெயரில் டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் நாவலைப் பார்த்துப் பலரும் பயப்படுகிறார்கள். பருமன்தான் காரணம். உண்மையில் அதன் காதல் பகுதிகள் தொடர்கதை வேகத்தில் ஓடும். நடாஷாவுக்கும் இளவரசன் ஆந்திரேய்க்கும் நிச்சயமாகிறது, ஆனால் அவன் தந்தை கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிவைக்கச் சொல்கிறார். அந்த ஒரு வருடத்தில் எல்லாம் கெட்டுப்போகிறது. பிறகு 1812, நெப்போலியன் மாஸ்கோவை நெருங்குகிறான். நடாஷாவின் குடும்பம் வண்டிகளில் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக நிற்கிறது. காயம்பட்ட சிப்பாய்களுக்கோ வண்டி இல்லை. நடாஷா அம்மாவிடம் சண்டை போட்டுச் சாமான்களை இறக்க வைத்து வண்டிகளை அவர்களுக்குக் கொடுக்கச் செய்கிறாள். அந்த வண்டி வரிசையிலேயே குற்றுயிராக ஆந்திரேயும் வருகிறான், அவளுக்கு அது தெரியாது. வீட்டுப் பெரியவர்கள் தெரிந்தும் மறைக்கிறார்கள். இந்தப் பகுதிக்காகவே அத்தனை பக்கங்களையும் படிக்கலாம். இடையிடையே வரலாற்றுத் தத்துவம் பேசும் அத்தியாயங்கள் முதல் வாசிப்பில் கனமாக இருந்தால் வேகமாகத் தாண்டிச் செல்லுங்கள், கதை அறுபடாது.

பெரிய புத்தகம் வேண்டாம், ஒரே மாலையில் முடிய வேண்டும் என்பவர்களுக்கு சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா'. 1958இல் வெளிவந்த குறுநாவல், சோவியத் காலத்திலேயே தமிழில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலம், கிர்கீசிய கிராமம் ஒன்றில் ஆண்கள் எல்லாரும் போர்முனையில். ஜமீலாவின் கணவனும் அங்கேதான். அவளும், கணவனின் தம்பி முறையான சிறுவன் ஒருவனும், காயம்பட்டுத் திரும்பிய தானியார் என்ற அதிகம் பேசாத ஆளும் ரயில் நிலையத்துக்குத் தானிய வண்டி ஓட்டுகிறார்கள். ஒருநாள் இரவு திரும்பி வரும் வழியில் தானியார் பாடத் தொடங்குகிறான். அவ்வளவுதான் கதை. சொல்பவன் அந்தச் சிறுவன் என்பதால், தான் பார்ப்பதற்குப் பெயர் காதல் என்பதே அவனுக்குத் தாமதமாகத்தான் புரிகிறது. இதில் ஒரு குண்டுகூட வெடிக்காது, ஆனால் போர் இல்லாவிட்டால் இந்த மூன்று பேரும் ஒரே பாதையில் வண்டி ஓட்டியே இருக்கமாட்டார்கள்.

'சூட் பிரான்சேஸ்' என்ற பிரெஞ்சு நாவலைப் பற்றிச் சொல்லும்போது அது பிறந்த கதையையும் சொல்லியாக வேண்டும். இரேன் நெமிரோவ்ஸ்கி இதை ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சில், நடக்க நடக்கவே எழுதினார். ஐந்து பாகங்கள் எழுதத் திட்டம், முடிந்தது இரண்டுதான். யூதர் என்பதால் 1942 ஜூலையில் கைது செய்யப்பட்டு ஆஷ்விட்ஸில் இறந்தார். கையெழுத்துப் பிரதியை மகள்கள் ஒளிந்து திரிந்த காலமெல்லாம் பெட்டியில் சுமந்தார்கள். அம்மாவின் நாட்குறிப்பாக இருக்கும், படித்தால் தாங்க முடியாது என்று பல காலம் திறக்கவே இல்லை. புத்தகமாக வந்தது 2004இல்.

அதன் இரண்டாம் பாகத்தில், கணவன் போர்க்கைதியாக இருக்கும் லூசில் என்ற பெண்ணின் வீட்டில் ஜெர்மன் அதிகாரி ஒருவனைத் தங்கவைக்கிறார்கள். அவன் இசை தெரிந்தவன், பண்பானவன். அவளுக்கு வாய்த்த கணவனோ அன்பில்லாதவன். எதிரியை நேசிப்பது என்ற இந்தக் கருவைப் பிற்காலத்தில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் யார் ஜெயிப்பார்கள் என்றே தெரியாத ஒருவர், தன்னை வேட்டையாடும் படையைச் சேர்ந்தவனுக்கும் மனித முகம் கொடுத்து எழுதியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும்.

ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க் என்றால் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' நாவலைத்தான் எல்லாரும் சொல்வார்கள். காதல் வேண்டும் என்றால் 1954இல் வந்த 'எ டைம் டு லவ் அண்ட் எ டைம் டு டை' படியுங்கள். ரஷ்யப் போர்முனையிலிருந்து மூன்று வார விடுப்பில் சொந்த ஊர் வரும் ஜெர்மன் சிப்பாய், வீடு இருந்த தெருவே குண்டில் தரைமட்டமாகிக் கிடப்பதைப் பார்க்கிறான். பெற்றோரைத் தேடும்போது எலிசபெத்தைச் சந்திக்கிறான். விடுப்பு முடியும் நாள் நமக்கும் தெரியும் என்பதால் அவர்கள் ஒன்றாகச் சாப்பிடும் சாதாரணக் காட்சிகூடப் பதைபதைக்க வைக்கும்.

மைக்கேல் ஒண்டாச்சியின் 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' மொழிநடைக்காகவே மெல்லப் படிக்க வேண்டியது. எல்லாரும் பாலைவனக் காதலையே பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் சீக்கிய வீரன் கிப்புக்கும் செவிலி ஹானாவுக்கும் இடையே உள்ள பகுதி. 'கான் வித் தி விண்ட்' அடிக்கடி பரிந்துரைக்கப்படுவது. ஸ்கார்லெட் போன்ற கதாநாயகி அபூர்வம்தான். ஆனால் அடிமைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று காட்டும் அதன் பார்வையை என்னால் ஏற்க முடியவில்லை. படிப்பவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போர் எதற்காக நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

ஈழப் பின்னணியில் தமிழ்நதியின் 'பார்த்தீனியம்' இருக்கிறது. 1980களில் இயக்கங்களில் சேர்ந்த இளைஞர்களும் இந்திய ராணுவம் வந்த காலமும், அவற்றுக்கு நடுவே ஒரு காதலும். நிம்மதியாகப் படிக்கக்கூடிய புத்தகம் இல்லை, படிக்க வேண்டிய புத்தகம்.

இவ்வளவு சோகம் தாங்காது, விறுவிறுப்பும் காதலும் போதும் என்றால் சாண்டில்யன் இருக்கிறார். 'கடல் புறா', 'யவன ராணி' இரண்டில் எதிலும் ஆரம்பிக்கலாம். கடற்போர்க் காட்சிகளுக்குக் 'கடல் புறா'வே மேல். வருணனைகள் பல இடங்களில் அளவுக்கு மீறி நீளும், அங்கே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

வரிசை கேட்டால், முதலில் 'ஜமீலா', அடுத்து 'சிவகாமியின் சபதம்', பிறகு 'கடலுக்கு அப்பால்'. டால்ஸ்டாயை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் 'சிவகாமியின் சபதம்' நான்கு பாகங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், இன்றைக்கே தொடங்கலாம்.