கைப்பேசி கேள்வி – பதில்: அப்டேட் செய்த மறுநாள்

வடசென்னையிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல, கைப்பேசியில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்தபின் நேர்ந்த தொல்லைகளைப் பற்றியவை. அவற்றுள் நான்கை எடுத்துக்கொண்டு, பிழைப்போடு சம்பந்தப்பட்டது என்பதால் முதல் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மனைவி விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டையில் வைத்து விற்கிறார். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய போன். போன வாரம் அப்டேட் கேட்டது, இரவில் செய்தோம். மறுநாளிலிருந்து போன் கொதிக்கிறது. காலை பத்து மணிக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. பணம் வந்ததா என்று பார்ப்பதற்குள் ஆள் போய்விடுகிறார். புதுப் போன் வாங்க வைப்பதற்காகக் கம்பெனிகளே இப்படிச் செய்வதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
– வாசகர், காசிமேடு

பதில்: உங்கள் சந்தேகத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆப்பிள் நிறுவனம் 2017 ஜனவரியில் வெளியிட்ட ஐஓஎஸ் 10.2.1 என்னும் அப்டேட், பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை உரிமையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமலே குறைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் நிறுவனம் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக அது விளக்கம் சொன்னது. ஆனாலும் இத்தாலியின் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் 2018-இல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், நோட் 4 என்னும் சாம்சங் போனை வைத்திருந்தவர்களை அந்தப் போனால் சரிவரத் தாங்க முடியாத புதிய ஆண்ட்ராய்டுக்கு மாறும்படி தூண்டியதற்காகச் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. பிரான்சு 2020-இல் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. போனின் வேகம் குறையக்கூடும் என்பதை வாங்கியவரிடம் சொல்லாமல் மறைத்தது குற்றம் என்பதே அங்கே எடுத்த முடிவு.

இவ்வளவும் உண்மையாக இருந்தாலும், உங்கள் வீட்டுப் போனில் நடந்திருப்பது பெரும்பாலும் வேறு. அப்டேட் முடிந்து போன் மீண்டும் எழுந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிட்டது என்று பொருளில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு செயலியையும் புதிய சாஃப்ட்வேருக்கு ஏற்றபடி அது மறுபடி தயார் செய்ய வேண்டும். படங்களையும் கோப்புகளையும் திரும்ப ஒருமுறை வரிசைப்படுத்த வேண்டும். இந்த வேலையின் பெரும்பகுதியை, போன் சார்ஜில் இருந்து, யாரும் தொடாமல் கிடக்கும் நேரத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் தூங்கும் இரவில் அது சத்தமில்லாமல் நடந்து, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். உங்கள் துணைவியாருக்கோ இரவின் பிற்பாதிதான் வேலை நேரம். போன் ஓய்வாகக் கிடந்து வேலையை முடிக்க வேண்டிய வேளையில் அவர் ஏலக் கூடத்தில் நின்று விலை பேசிக்கொண்டும், போட்டோ அனுப்பிக்கொண்டும் இருக்கிறார். மற்றவர்களுக்கு மூன்று நாளில் தீரும் சூடு, அவருக்கு ஒரு வாரம் இழுத்தடிப்பது இதனால்தான். கடல் வேலை செய்பவர்களின் நேரக் கணக்கை மனத்தில் வைத்து யாரும் இந்த அப்டேட்டுகளை அமைக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே, வியாபாரம் முடிந்து வந்த ஒரு பகல்பொழுதில் போனை வை-ஃபையில் இணைத்து, சார்ஜில் போட்டு, நான்கைந்து மணி நேரம் தொடாமல் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் இப்படிச் செய்யுங்கள். எல்லாச் செயலிகளையும் பிளே ஸ்டோரில் புதுப்பித்து, ஒருமுறை போனை அணைத்துப் போடுங்கள். தண்ணீரும் செதிலும் படாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்தால், சூடு வெளியேற வழியில்லை. இந்த ஒரு வாரமாவது உறையைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கொதிக்கிறது என்று ஐஸ் பெட்டியின் மேல் வைத்துவிட வேண்டாம். குளிர்ந்த போனுக்குள் ஈரம் பனித்து, மதர்போர்டே கெட்டுப்போகும்.

இதற்குப் பிறகும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். லித்தியம் அயான் பேட்டரி வயதாக ஆக, அதன் உள் எதிர்ப்பு, அதாவது உள்ளிருந்து மின்சாரம் வருவதற்கான தடை, கூடுகிறது. நாள் முழுவதும் சூட்டில் இருக்கும் பேட்டரி இன்னும் விரைவில் தளரும். ஏற்கெனவே தளர்ந்திருந்த பேட்டரி, அப்டேட் கொடுத்த கூடுதல் வேலையில் வெளிப்பட்டுவிடுவது வழக்கம். மூன்று வருடப் போனுக்கு, சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மட்டும் மாற்றிப் பார்ப்பது புதுப் போன் வாங்குவதைவிட எவ்வளவோ குறைந்த செலவு. இனி அடுத்த அப்டேட்டை ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கு முந்தைய இரவில் மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறேன். அப்டேட் முடிந்து போன் திறந்தபோது டிஸ்ப்ளேயின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. வாரன்டி முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டதால் பணம் கட்டித்தான் மாற்ற வேண்டும் என்கிறது சர்வீஸ் சென்டர். பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்காரர், பழைய சாஃப்ட்வேரையே திரும்ப ஏற்றினால் கோடு போய்விடும் என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கடைக்காரர் சொல்வதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அந்தக் கோடு பெரும்பாலும் டிஸ்ப்ளேயிலோ அதன் இணைப்பிலோ ஏற்பட்ட பழுது. சாஃப்ட்வேரை மாற்றினால் அது மறையும் என்று நம்புவதற்கில்லை. மேலும், பல போன்களில் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். அதை மீறி ஏற்ற முயன்றால் போன் எழாமலே போகலாம். பூட்டை உடைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், வங்கிச் செயலிகளும் வேலை செய்ய மறுக்கலாம்.

அப்டேட்டை ஒட்டிப் பச்சைக் கோடு விழுந்ததாக இந்தியாவில் பலர் புகார் செய்து, சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரன்டி முடிந்த பிறகும் இலவசமாக டிஸ்ப்ளே மாற்றித் தந்திருக்கின்றன. ஆகவே சர்வீஸ் சென்டர் மறுத்ததோடு நின்றுவிடாமல், உங்கள் மாடலுக்கு அப்படிச் சலுகை உண்டா என்று நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது. வாங்கிய பில், சர்வீஸ் சென்டர் தந்த ஜாப் ஷீட், கோடு தெரியும்படி எடுத்த படம், செட்டிங்ஸில் அப்டேட் செய்த தேதி தெரியும் பக்கத்தின் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ஜாப் ஷீட்டில் "தண்ணீர் பட்டது", "கீழே விழுந்தது" என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். என் சொந்தப் போன் ஒன்றில் இப்படி ஒரு வரியைக் கவனிக்காமல் கையெழுத்திட்டு, பிறகு எத்தனை கடிதம் எழுதியும் பயனில்லாமல் போனது.

நிறுவனம் இறங்கி வராவிட்டால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்கு அது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பழுது ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாரன்டி தேதி முடிந்திருப்பது உங்களுக்குப் பாதகம்தான், மறைக்கவில்லை. ஆனால், நிறுவனமே அனுப்பிய அப்டேட்டுக்கு முன்பு வரை நன்றாக இருந்த போன் என்பதைத் தேதியோடு காட்ட முடிந்தவரின் பேச்சுக்கு ஒரு கனம் உண்டு.

கேள்வி: இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டுப் பயந்து, ஓய்வூதியம் வரும் என் போனில் இரண்டு வருடமாக எந்த அப்டேட்டும் செய்யவில்லை. சரிதானே?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: இல்லை, அம்மா. வங்கிக் கணக்கு இருக்கும் போனில் இது ஆபத்து. 2015-இல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டை ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு எம்எம்எஸ் வந்து சேர்ந்தாலே போனுக்குள் பிறர் நுழைய அது வழி விட்டது. அதன் பிறகே கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. நீங்கள் அஞ்சும் தொல்லைகள் பெரும்பாலும், ஆண்ட்ராய்டின் எண்ணே மாறும் பெரிய அப்டேட்டுகளோடு வருபவை. பாதுகாப்புத் திருத்தம் சிறியது. அதை வந்தவுடன் செய்துகொள்ளுங்கள். பெரிய அப்டேட்டை இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போட்டு, அதே மாடல் வைத்திருப்பவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தபின் செய்தால் போதும். இரண்டுக்கும் முன்னால் படங்களையும் தொடர்பு எண்களையும் பேக்கப் எடுத்து, ஸ்டோரேஜில் சில ஜிபி இடம் விட்டு, சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியில், பாதுகாப்புத் திருத்தம் எந்தத் தேதி வரைக்குமானது என்று போட்டிருக்கும். அப்டேட் செய்தும் அந்தத் தேதி ஒரு வருடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால், நிறுவனம் உங்கள் மாடலைக் கைவிட்டுவிட்டது என்று கொள்ளலாம். ஓய்வூதியக் கணக்கை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த போன் வாங்கும்போது கேமராவுக்கு முன் இதைக் கேளுங்கள்: எத்தனை ஆண்டு அப்டேட் தருவீர்கள்? கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் எஸ்24-க்கும் 7 ஆண்டு என்று அறிவித்தன. விலை குறைந்த போன்களுக்கு இது மிகக் குறைவாகவே இருக்கிறது; அந்தப் போன்களை வாங்குபவர்களுக்குத்தான் அடிக்கடி மாற்ற வசதி இல்லை.

கேள்வி: வங்கிச் செயலியை உடனே அப்டேட் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. செய்யலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: செய்யவே கூடாது. எந்த வங்கியும் வாட்ஸ்அப்பில் ஏபிகே என்னும், செயலியை நேரடியாக நிறுவும் கோப்பை அனுப்பிச் செயலியைப் புதுப்பிக்கச் சொல்வதில்லை; பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தில் 'அப்டேட்' என்று காட்டினால் மட்டுமே அது உண்மையான அப்டேட். கோப்பை அழித்துவிடுங்கள். ஏற்கெனவே நிறுவிவிட்டிருந்தால், முதலில் போனின் நெட்டை நிறுத்துங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.